இருமலே இல்லை... ஆனாலும் டி.பி.!

இதை எழுதலாமா, வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். வீட்டு விஷயம், அதுவும் சம்பந்தி வீட்டையும் சேர்த்துப் பேச வேண்டிய விஷயம். கடைசியில் என் தங்கையே, "எழுதுக்கா. ஊர் பேரு, ஆள் பேரு போடாம எழுது. பச்சை உடம்புக்காரி ஒருத்தி படிச்சாலும் போதும்" என்று சொல்லிவிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பால் கணக்கு எழுத ஒரு நோட்டு உண்டு. முன்பக்கத்தில் பால்காரர் ஊற்றிய கணக்கு. அதைத் திருப்பிப் போட்டால் பின்பக்கத்திலிருந்து ஆறு வாரத்துக்கு என் தங்கையின் ஜுரக் கணக்கு. காலை 98.8, மாலை 101. காலை 99, மாலை 101.6. பக்கம் பக்கமாக இதேதான். வேலை மெனக்கெட்டு நான் இதை எழுதுவதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் அந்த நோட்டுதான் உபயோகப்பட்டது.

2019 தை மாதம் என் தங்கைக்கு இரண்டாவது பிரசவம். எங்கள் அம்மா இல்லை. அதனால் ஏழாம் மாதமே நான் அழைத்து வந்துவிட்டேன். மூத்தது நாலு வயசுப் பெண். பள்ளிக்கூடம் இருந்ததால் அப்பாவோடும் தாத்தா பாட்டியோடும் அங்கேயே இருந்தது. சுகப்பிரசவம். ஆண் குழந்தை, 2.8 கிலோ. கர்ப்ப காலத்தில் அவளுக்கு எடை சரியாக ஏறவில்லை. எட்டாம் மாதத்திலும் சோற்றைக் கண்டால் முகத்தைச் சுளிப்பாள். "மூத்ததுக்கும் எனக்கு இப்படித்தான்க்கா" என்றாள். விட்டுவிட்டோம்.

குழந்தைக்கு முப்பத்தாறாம் நாள். சாயந்திரம் விளக்கேற்றிவிட்டு வந்து பார்த்தால், வெயில் நாளில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். தொட்டால் சுட்டது. எதிர்வீட்டுப் பாட்டி வந்து பார்த்து, "பால் கட்டிண்டிருக்கும், வெந்நீர் ஒத்தடம் கொடு" என்றார். கொடுத்தோம். மார்பில் வலியோ வீக்கமோ ஒன்றும் இல்லை. காலையில் ஜுரமும் இல்லை. சாயந்திரம் திரும்ப வந்தது.

லேடி டாக்டர் பார்த்துவிட்டு, சிறுநீரில் பூச்சி இருக்கலாம் என்று ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார். ஜுரம் விடவில்லை. வேறு ஒரு டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்து டைபாய்டு போலத் தெரிகிறது என்று பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். கஞ்சியும் ரசஞ்சாதமுமாகப் பத்து நாள் போயிற்று. ஜுரம் மட்டும் தன் பாட்டுக்கு மாலையானால் வந்து, விடிந்தால் போய்க்கொண்டிருந்தது. நடுராத்திரி ரவிக்கை நனைந்து ஈரமாகிவிடும். எழுப்பி மாற்றச் சொல்வேன். பால் கொடுக்கிற உடம்பு, வியர்க்கத்தான் செய்யும் என்று நினைத்தேன்.

நடுவில் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தோம். "நெஞ்சு சுத்தமா இருக்கும்மா" என்று சொன்னார்கள். அந்த வார்த்தையை நான் மனசில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு இருமல் இல்லை, சளி இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். டி.பி. என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை. டி.பி. என்றால் இருமி இருமி இரத்தம் துப்புவது என்றுதானே பழைய சினிமாவெல்லாம் பார்த்து நமக்குப் பாடமாகியிருக்கிறது?

அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது. எங்க வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். நாலாவது வாரம், மருந்துக் கடையில் விஷயத்தைச் சொல்லி, காகிதத்தில் மடித்துக் கொடுத்த மாத்திரைகளை வாங்கி வந்தார். வேளைக்கு மூன்று. இரண்டே நாளில் ஜுரம் நின்றது! பசி எடுத்தது. இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். முகத்தில் களை வந்துவிட்டது. நான் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். நோட்டில் அந்த நாலு நாளும் 98.4 என்றே இருக்கிறது. மாத்திரை தீர்ந்த மறுநாள் 103.

அந்தக் காகித மடிப்பில் இருந்தது ஸ்டீராய்டு. அது எந்த ஜுரத்தையும் கொஞ்ச நாள் அமுக்கிக் காட்டும்; பசியைக் கிளப்பும்; கூடவே, உடம்பு உள்ளே கிருமியோடு போடும் சண்டையையும் நிறுத்திவிடும். வெளியே அமைதி, உள்ளே கிருமிக்குத் திறந்த வீடு. இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது.

அதற்குப் பிறகு தலைவலி ஆரம்பித்தது. சாதாரணத் தலைவலி இல்லை. வெளிச்சத்தைப் பார்க்க மாட்டாள். சுள்ளென்று எரிந்து விழுவாள். ஒருநாள் காலை, அடுப்பில் பால் பொங்கி வழிந்து தரையெல்லாம் ஓடுகிறது. அவள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். "என்னடி பண்றே?" என்று கத்தினேன். திரும்பி என்னைப் பார்த்த பார்வை என் தங்கையின் பார்வையாக இல்லை. பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு மனசு தடுமாறும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம் அல்லவா? அதுதான் என்று நாத்தனார் சொன்னார். மனநல டாக்டரிடம் போகவே நாள் பார்த்துவிட்டோம். எடை 52 கிலோவிலிருந்து 43-க்கு வந்திருந்தது.

அப்போது எங்கள் தெருவில் ஒரு நர்ஸம்மாதான், "அதுக்கு முன்னால ஒரு தடவை பெரிய டாக்டர் ஒருத்தர்கிட்ட காட்டிடுங்க" என்று வற்புறுத்தி அனுப்பி வைத்தார். வயதானவர். அவர் முதலில் செய்த காரியம், என் நோட்டை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தது. யாரும் சிரிக்காமல் அதைப் படித்தது அன்றைக்குத்தான். 98.4 என்று வரிசையாக இருந்த இடத்தில் விரலை வைத்து, "இங்க என்னம்மா கொடுத்தீங்க?" என்றார். சொன்னேன். பெருமூச்சு விட்டார். திட்டவில்லை.

பிறகு ஒரே ஒரு கேள்வி. "வீட்டுல யாருக்காவது டி.பி. வந்ததுண்டா?"

"இல்லவே இல்லை டாக்டர்" என்றேன். எங்கள் வீட்டில் இல்லை. அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளையும் இல்லை என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. சம்பந்தி அம்மா மட்டும் பேசவில்லை. முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மாடி, உன்கிட்ட சொல்றேன். உங்க மாமாவுக்கு அஞ்சு வருஷத்துக்கு முன்னால வந்திச்சு. வெளியூர்ல வச்சுப் பார்த்தோம். நாலு மாசம் மாத்திரை சாப்பிட்டாரு. நல்லா ஆயிட்டுது, நிறுத்திட்டாரு. பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குதேன்னு பையன்கிட்டகூடச் சொல்லலை."

"இப்ப இருமல் இருக்கா அத்தை?"

"சுருட்டுக் குடிக்கிறவரு. இருமத்தான் செய்யிறாரு."

எனக்கு அந்த நிமிஷம் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். அந்த மனிதருக்குச் சோறு போட்டு, கால் பிடித்துவிட்டு, கர்ப்பிணியாக இருந்த ஏழு மாதமும் அந்த வீட்டில் இருந்தவள் என் தங்கை. அவருடைய பாயில்தான் என் தங்கை மகள் தினமும் படுத்துத் தூங்குகிறாள். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்த பிறகு யோசித்தேன். எனக்கும் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருந்து, நம் ஊர் வாயும் இப்படியே இருந்தால், நான் மட்டும் தெருவில் போய்ச் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன்.

நான் திரும்ப உள்ளே போய் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். "இதைச் சொல்ல வச்சீங்களே, பாதி வேலை முடிஞ்சுது" என்றார். உடனே எங்களை ஜில்லாத் தலைநகரத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே முதலில் எங்கே பார்த்தார்கள் தெரியுமா? கண்ணில்! சொட்டு மருந்து போட்டுப் பாவையை விரித்து, ஒரு கருவியால் கண்ணின் உட்புறத்தைப் பார்த்தார்கள். கண்ணுக்கும் இந்த ஜுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. பார்த்த இளம் டாக்டர், பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினார். கண்ணின் உள்சுவரில் ஓரம் மங்கிய வெளிர்மஞ்சள் புள்ளிகள் மூன்று. இரத்தத்தில் வந்த காசநோய்க் கிருமி அங்கே தங்கிக் கட்டிய சின்னச் சின்னக் கட்டிகள். எல்லோருக்கும் இப்படித் தெரியாதாம். தெரிந்தால் கிட்டத்தட்டக் கையெழுத்துப் போட்ட மாதிரி என்றார்கள்.

அன்றைக்கே மறுபடி எக்ஸ்ரே. மூன்று வாரத்துக்கு முன்னால் சுத்தமாக இருந்த அதே நெஞ்சு. வெளிச்சப் பெட்டியில் மாட்டி எனக்கும் காட்டினார்கள். முறத்தில் தினையைப் புடைக்கும்போது கை தவறிக் கொட்டினால் தரையெல்லாம் ஒரே சீராக இறைந்து கிடக்குமே, அப்படி இரண்டு நுரையீரலிலும் மேலிருந்து கீழ்வரை பொடிப் புள்ளி. எண்ண முடியாது.

இந்த நோயின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். மிலியரி டி.பி. என்கிறார்கள். லத்தீன் மொழியில் மிலியம் என்றால் தினை, பனிவரகு போன்ற சிறுதானியம். 1700-ம் ஆண்டில் மாங்கெட் என்ற மருத்துவர், இறந்தவர் உடலைத் திறந்து பார்த்தபோது உறுப்புகளில் இறைந்து கிடந்த மணிகளைக் கண்டு சிறுதானியத்தோடு ஒப்பிட்டார். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடித்துச் சொன்னது 1882-ல். கிருமி தெரிவதற்கு நூற்றெண்பது வருஷம் முன்பே பெயர் வந்துவிட்டது! ஒவ்வொரு மணியும் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர்தான்.

சாதாரண டி.பி. நுரையீரலில் ஓரிடத்தில் உட்கார்ந்து அரிக்கும். அதனால் இருமல், சளி, இரத்தம். மிலியரியில் கிருமி இரத்தக் குழாயில் புகுந்து உடம்பு முழுவதும் விதைத்துவிடுகிறது. நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, மூளையின் உறை என்று எங்கும் ஒரே சமயத்தில் பொடிப் பொடியாக முளைக்கிறது. புண் பெரிசாக ஓரிடத்திலும் இல்லாததால் இருமல் இல்லாமலே போகலாம். சளியில் கிருமி தெரியாமல் போகலாம். ஆரம்ப வாரங்களில் மணிகள் எக்ஸ்ரேயில் தெரியும் அளவுக்குப் பெரிசாக இருப்பதில்லை; சி.டி. ஸ்கேனில் முன்னதாகத் தெரியலாம். கையில் ஊசி போட்டுத் தடிக்கிறதா என்று பார்க்கும் மாண்டு பரிசோதனையும் பலருக்குத் தடிக்காது. என் தங்கைக்கும் தடிக்கவில்லை. அந்தத் தடிப்பு உடம்பின் எதிர்ப்புச் சக்தி காட்டும் அடையாளம். சக்தியே ஓய்ந்துபோனவளுக்கு எப்படித் தடிக்கும்?

"அப்படியானால் பிரசவத்துக்குப் பிறகு ஏன் டாக்டர் வந்தது?" என்று கேட்டேன். கர்ப்ப காலத்தில், வயிற்றில் இருக்கும் சிசுவை உடம்பு வேற்றுப் பொருள் என்று தள்ளிவிடாமல் இருப்பதற்காக, எதிர்ப்புச் சக்தியின் சில பகுதிகள் தானாகவே அடங்கி இருக்குமாம். அந்தச் சமயத்தில் உள்ளே கிருமி வளர்ந்தாலும் சத்தம் கேட்காது. எடை ஏறாததும், சோறு இறங்காததும் மசக்கைக் கணக்கில் போய்விடும். பிள்ளை பிறந்ததும் அடங்கியிருந்த சக்தி விழித்துக்கொள்கிறது. அப்போதுதான் ஜுரமும் ஆர்ப்பாட்டமும். பிரசவமான சில மாதங்களில் டி.பி. வெளிப்படுவது டாக்டர்கள் அறிந்த விஷயம்தான். நமக்குத்தான் தெரியாது.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளை கையெழுத்துப் போடப் பயந்தார். இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. அரை மணி நேர வேலை. அந்த நீரில் சர்க்கரை குறைந்து, புரதம் கூடியிருந்தது. மூளை உறையிலும் கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம். பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அதற்குக் காரணம் மனசு இல்லை, இதுதான். இன்னும் ஒரு வாரம் மனநல மாத்திரையோடு கடத்தியிருந்தால்... வேண்டாம், அதை எழுதப் பிடிக்கவில்லை. மருந்து கொடுக்காவிட்டால் இந்த நோய் ஆளைக் கொல்லாமல் விடாது என்று மட்டும் டாக்டர் சொன்னார்.

உப்புநீர் ஆவி பிடிக்க வைத்து, வராத சளியை வரவழைத்து, சி.பி. நாட் என்ற பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கிருமி இருக்கிறதா என்றும், முக்கியமான மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்றும் அந்தக் கருவி இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. பழைய முறைப்படி கிருமியை வளர்த்துப் பார்த்தால் வாரக்கணக்கில் ஆகும். அரைகுறையாக மருந்தை நிறுத்தியவரிடமிருந்து தொற்றிய கிருமி. எங்கே மருந்துக்கு அசையாத ஜாதியாக இருக்குமோ என்று டாக்டரே பயந்தார். நல்லவேளை, கட்டுப்படும் ஜாதிதான். ஆனால் அந்த முடிவுக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. கண்ணையும் எக்ஸ்ரேயையும் பார்த்த அன்று மாலையே முதல் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். டி.பி. மாத்திரையோடு அவளுக்கு ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். நான் பதறிப்போய், "அதே மருந்துதானே அவளைக் கெடுத்தது?" என்றேன். "கிருமியைக் கொல்ற மருந்து கூட இருக்கும்போது, இது மூளை உறையில உள்ள வீக்கத்தைக் குறைக்கும். தனியாக் கொடுத்தா கெடுக்கும்" என்றார். அடுப்பங்கரையில் நெருப்பு மாதிரிதான் போலிருக்கிறது.

பிறகு நான் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் ஒரு கதை மனசில் தங்கிவிட்டது. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1952-ல் நம் நாட்டுக்கும் வந்து போனவர். ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பிரகடனத்தை 1948-ல் உருவாக்கிய குழுவுக்குத் தலைவி. 1960-ல் அவருக்கு இரத்த சோகை கண்டது. எலும்பு மஜ்ஜையில் இரத்தம் ஊறவில்லை என்று தீர்மானித்தார்கள். 1962-ல் ஜுரமும் பலவீனமும் கூடியபோது கொடுத்தது ஸ்டீராய்டு. கடைசியில் மஜ்ஜையை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்க அனுப்பினார்கள். பல வாரம் கழித்து வந்த முடிவு, டி.பி.! அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1962 நவம்பர் 7-ந் தேதி, தம் 78-வது வயதில் காலமானார். உடம்பு முழுக்க மிலியரி. 1919-ல் அவருக்கு வந்த நுரையீரல் உறை அழற்சியோடு வந்த கிருமி, நாற்பது வருஷத்துக்கு மேல் உள்ளேயே தூங்கிக் கிடந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். பணமோ, பெரிய டாக்டர்களோ அந்த அம்மாளுக்குக் குறைவா? அவருக்கே வேஷம் போட்டு ஏமாற்றியது இந்த நோய்.

வேஷங்கள் பல. வயதானவர்களுக்கு ஜுரமே இல்லாமல், வெறும் சோர்வும் பசியின்மையும் எடைக் குறைவுமாக வரும். வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவோம். சிலருக்கு இரத்தத்தில் எல்லா அணுக்களும் குறைந்து, இரத்தப் புற்றோ என்று பயமுறுத்தும். சிலருக்குக் கல்லீரல் வீங்கும். சிலருக்குச் சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரீனல் சுரப்பி கெட்டு, தோல் கறுத்து, எழுந்து நின்றால் மயக்கம் வரும். கைக்குழந்தைக்கு எடை ஏறாமல் இருப்பது ஒன்றே அடையாளமாக இருக்கலாம். சர்க்கரை நோய், எச்.ஐ.வி., சிறுநீரக மாற்று, நெடுநாள் ஸ்டீராய்டு இவற்றில் ஏதாவது உள்ளவர்களுக்கு அபாயம் அதிகம்.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இருந்த பெரிய பயம் அதுதான். தாயின் இரத்தத்தில் ஓடிய கிருமி தொப்புள்கொடி வழியாக வயிற்றிலேயே பிள்ளைக்குப் போவதும் அபூர்வமாக உண்டாம். குழந்தையின் கல்லீரலைத் தடவிப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, வெறும் வயிற்றில் இரைப்பை நீரை எடுத்துச் சோதித்தார்கள். மூன்று காலை, அந்தப் பிஞ்சின் மூக்கில் குழாய் விட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிருமி இல்லை. பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசி போட்டிருந்தது. அந்த ஊசி பெரியவர்களின் டி.பி.யை அவ்வளவாகத் தடுக்காது. ஆனால் சிறு குழந்தைகளுக்கு வரும் மிலியரியையும் மூளை உறைக் காய்ச்சலையும் பெரும்பாலும் தடுக்கும். தோளில் ஒரு தழும்பு விழுகிறதே என்று சலித்துக்கொள்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஐசோநியாசிட் மருந்தை ஆறு மாதம் தடுப்பாகக் கொடுத்தோம்.

தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள், டாக்டர்களைத் தவிர. "பால்ல கிருமி போகாது. மருந்து கொஞ்சம் போகும், அது பிள்ளையை ஒண்ணும் செய்யாது. ஆனா அதை நம்பி பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை நிறுத்தக் கூடாது" என்றார்கள். முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு பால் கொடுத்தாள். முதலில் மாஸ்க்கைப் பார்த்துப் பிள்ளை அழுதது. இரண்டே நாளில் பழகிவிட்டது.

சம்பந்தி மாமாவையும் மாப்பிள்ளை வற்புறுத்தி அழைத்து வந்தார். சளியில் கிருமி இருந்தது. அவருக்கும் மாத்திரை ஆரம்பித்தார்கள். மூத்த பெண் குழந்தையைப் பரிசோதித்து, நோய் இல்லை என்று தெரிந்தபின் அவளுக்கும் தடுப்பு மருந்து. ஒரு ஜுரத்தைத் தேடிப் போய் ஒரு குடும்பமே வரிசையில் நின்றோம்.

என் தங்கைக்குத் தட்டு தனி, தம்ளர் தனி, கொல்லையில் தனி அறை என்று என் மாமியார் ஏற்பாடு செய்யத் தொடங்கினார். அவர் காலத்து வழக்கம். க்ஷயம் என்றால் சானடோரியம், அங்கே போனால் திரும்ப மாட்டார்கள். அவரிடம் நான் சொன்னது நம் சென்னையில் நடந்த ஒரு விஷயம். 1956-ல் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அங்கே ஏழைக் குடும்பத்து நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்து வைத்தியம் செய்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு வீட்டிலேயே மாத்திரை. அதே நெருக்கடியான வீடு, அதே எளிய சாப்பாடு. 1959-ல் வந்த முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு ஒரு முக்கியக் காரணம் இந்தச் சேத்துப்பட்டு ஆராய்ச்சி. "நோய் தட்டுல ஒட்டாது அத்தை, மூச்சுலதான் வரும். மருந்து ஆரம்பிச்சாச்சு" என்றேன். தனித் தட்டு மட்டும் ஒரு மாதம் இருந்தது. பிறகு அதுவும் மற்றப் பாத்திரங்களோடு கலந்துவிட்டது.

மாத்திரை வைத்தியத்தில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது சில உண்டு. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். முதல் நாள் இரத்தமோ என்று அவள் அலறிவிட்டாள். இன்னொரு மருந்தால் பச்சை, சிவப்பு நிற வித்தியாசம் தெரியாமல் போகலாம் என்று, மாதாமாதம் நான் இரண்டு ரவிக்கைத் துணிகளைக் காட்டி நிறம் கேட்பேன். வாந்தியோ, கண்ணில் மஞ்சளோ கண்டால் உடனே போகச் சொல்லியிருந்தார்கள். முக்கியமான ஒன்று, யாரும் கூச்சத்தில் கேட்க மாட்டார்கள்: ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது. வேறு வழிதான் கைக்கொள்ள வேண்டும். டாக்டரம்மா அதைத் தாமாகவே சொன்னார். இல்லாவிட்டால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

மருந்து முழுக்க அரசாங்கத்தில் இலவசம். சத்துணவுக்கென்று 2018-லிருந்து மாதம் 500 ரூபாய் நோயாளியின் கணக்கில் போட்டார்கள்; 2024 நவம்பரிலிருந்து அது 1000 ஆகியிருக்கிறது. அந்தப் பணத்தில் நான் முட்டையும் நிலக்கடலையும் பொட்டுக்கடலையும் வாங்கினேன். தினை மாவு மட்டும் அந்த வருஷம் எங்கள் வீட்டில் செய்யவில்லை. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மூன்றாம் வாரம் ஜுரம் நின்றது. இந்தத் தடவை நிஜமாகவே. தலைவலி போக இன்னும் ஒரு மாதம். நினைவு தெளிந்து ஒருநாள், "அக்கா, தம்பிக்கு எப்ப காது குத்தினோம்?" என்று கேட்டாள். இன்னும் குத்தவே இல்லை. ஆனால் கேட்கத் தோன்றியதே என்று நான் அழுதுவிட்டேன். சாதாரணமாக ஆறு மாதம் போதும் என்கிற மருந்து, மூளை உறை பாதிக்கப்பட்டதால் அவளுக்கு ஒரு வருஷம். கடைசி மாதத்தில், 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. பஸ் இல்லை. என்ன செய்வது என்று தவித்தபோது, காசநோய்ப் பிரிவு ஊழியர் ஒருவர் தம் மோட்டார் சைக்கிளில் வந்து, மீதி நாட்களுக்கு உண்டான மாத்திரையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். ஏப்ரலில் கடைசி மாத்திரை.

அதற்கப்புறம் இரண்டு வருஷம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குப் போய் வந்தாள். எக்ஸ்ரேயில் மணிகள் இல்லை. இடது காது மட்டும் கொஞ்சம் மந்தம்; அது நோயாலா, முன்பே இருந்ததா என்று சொல்ல முடியாது என்றார்கள். சம்பந்தி மாமா ஆறு மாத மாத்திரையை ஒருநாள் விடாமல் முடித்தார், சுருட்டைத்தான் விடவில்லை. நாத்தனார்ப் பெண்ணுக்கு 2021-ல் கல்யாணம் ஆயிற்று. பெண் பார்க்க வந்தவர்களிடம் சம்பந்தி அம்மாவே, "எங்க வீட்டுல டி.பி. வந்து, வைத்தியம் பார்த்து, குணமாயிருக்கு" என்று சொன்னாராம். அதில் ஒரு வரன் திரும்பி வரவில்லை. அடுத்த வரன் வந்தது.

பால் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பெரிய டாக்டர் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஜுரக் கணக்குப் பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டார். முன்பக்கத்தில் 2019 பங்குனியில் பால்காரருக்கு 340 ரூபாய் பாக்கி என்று எழுதியிருக்கிறது. அந்த அமளியில் கொடுத்தேனா என்று எனக்கு நினைவில்லை. அவரும் கேட்கவில்லை.